மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன்

போன வருடம் ஆடி மாதம், கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நடந்தது இது. எங்களுக்கு ஒரே மகன், பதினாறு வயது. அவனைக் காட்டுக்கு அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நானும் என் மனைவியும் மூன்று வாரம் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி அலைந்தோம்.

பையன் முன்பு நன்றாகத்தான் இருந்தான். பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது, இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றுவிட்டான். ஏன் என்று சொல்லவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு கிடந்தான். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்தால் எடுத்துக்கொள்வான். ஒரு நாள் அம்மா போனைப் பிடுங்க, இவன் தள்ள, அவள் அலுமாரியில் மோதி நெற்றியில் நான்கு தையல். ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்ததும் அவன்தான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுததும் அவன்தான். வீட்டுக்கு வந்த பிறகு மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டான்.

என் மனைவியின் அண்ணன்தான் அந்த முகாமைப் பற்றிச் சொன்னார். “மச்சான், இப்படியே விட்டா கையை விட்டுப் போயிருவான். தெல்தெனியவுக்கு அங்கிட்டு மலைக்காட்டுல இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே முகாம் நடத்துறாங்க. செலவை நான் பாத்துக்கிறேன்” என்றார். நாற்பது நாள். கூடாரத்தில் படுக்க வேண்டும், சாமானைத் தானே சுமக்க வேண்டும், விறகு பொறுக்கிச் சமைக்க வேண்டும். போன் கிடையாது. பேசிப் பேசி மனதைத் திருத்த ஓர் ஆலோசகரும் கூடவே இருப்பாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். நடத்துபவர் சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசினார். பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டு விசயம் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பையனிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. விடியற்காலையில் வேன் வரும், இரண்டு பேர் எழுப்பிக் கூட்டிப் போவார்கள். முதல் இருபது நாள் நாங்கள் அவனோடு பேசவும் முடியாது. “சொன்னா ஓடிருவாங்க ஐயா” என்றார்.

ஏற்கெனவே பிள்ளையை அனுப்பிய ஒரு தாய் அங்கே வந்திருந்தார். தன் மகன் இப்போது சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான், “நீ சாப்பிட்டியாம்மா” என்று கேட்கிறான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கியது. வெளியே குழாயடியில் இன்னொரு தகப்பன் மெதுவாகச் சொன்னார்: “என் பையனும் சொன்ன பேச்சு கேக்குறான் அண்ணே. ஆனா ரோட்டுல வேன் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்கிறான்.” இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். எதை எடுத்துக்கொள்வது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி அனுப்புவோம் என்றாள், நான் வேண்டாம் என்றேன். அடுத்த நாள் நான் அனுப்புவோம் என்றேன், அவள் அழுதாள். “நேத்து நீங்கதானே வேணாம்னீங்க?” “நேத்து நீதானே அனுப்புவோம்னே?” இப்படியே தினமும் சண்டை. முகாமில் கொடுத்த சம்மதத் தாள், திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியது, சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது.

கடைசியில் முருகனிடமே விட்டுவிடலாம் என்று பூக்கட்டிப் பார்க்க முடிவு செய்தோம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைத்து, ஒன்றுமறியாத சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அனுப்புவது, சிவப்பு வந்தால் அனுப்பாமல் விடுவது. வெள்ளிக்கிழமை காலையில் மனைவி முற்றத்து அரளிச் செடிகளில் இரண்டு நிறத்திலும் பறித்து, பேப்பரில் மடித்து நூல் சுற்றி, சாமித் தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அடுத்த அறையில் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன்.

கோயிலில் பூசாரி பொட்டலங்களைக் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். வாசலில் பூ விற்கும் அம்மாவின் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக் கொடுத்தது. வெள்ளை. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நானும் அங்கேயே விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எனக்குக் கை நிற்கவில்லை. எடுத்துப் பிரித்துவிட்டேன். அதிலும் வெள்ளை.

“நீ செஞ்ச வேலையா இது?”

“முருகன் மேல சத்தியமா நான் இல்லைங்க! நீங்கதான் ஏதாச்சும்...”

“நானா? நான் செவப்பு வரணும்னுல்ல வேண்டிக்கிட்டு நிக்கிறேன்!”

அதுவரை என் மனதில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது. கோபத்தில் வாயில் வந்துவிட்டது. பூசாரி எங்கள் இருவரையும் பார்த்து, “சாமிகிட்டயே கள்ள வோட்டுப் போட்டுட்டு, சன்னதியில சண்டை வேற. வீட்டுல போய்ப் பேசுங்க” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்தோம்.

வீட்டில் அவன் அறைக் கதவு திறந்திருந்தது. மகன் முன்னறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தான்.

“நாந்தான் மாத்தி வச்சேன்” என்றான். நாங்கள் பேசியது, சண்டை பிடித்தது எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

“எங்கள அவ்வளவு வெறுத்துப் போச்சா தம்பி?”

“இல்ல.”

“காட்டுக்குப் போக ஆசையா?”

“இல்லப்பா. பயமா இருக்கு.”

“பின்ன ஏன்டா?”

“நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறது நிக்கும்ல. அம்மா நெத்தியில இருக்கிறத நானும் தினமும் பாக்கத் தேவையில்ல.”

மனைவி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே, “சாமிப் பூவைத் தொட்டியே, சுத்தமாத் தொட்டியாடா?” என்று கேட்டாள்.

“முகம் கை கால் கழுவிட்டுத்தாம்மா தொட்டேன்.”

திங்கட்கிழமை முகாம் நடத்துபவருக்குப் போன் எடுத்தேன். பையனுக்கு எல்லாம் தெரியும், நாங்களே கூட்டி வருகிறோம், வாரத்துக்கு ஒரு தடவை பேச விடுங்கள் என்று கேட்டேன். ஒருவருக்காக விதியை மாற்ற முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் அனுப்பவில்லை. “ரெண்டும் வெள்ளைன்னா ரெண்டு தடவை அனுப்பச் சொல்லியிருக்காருய்யா முருகன்!” என்று மச்சான் இன்றைக்கும் திட்டுகிறார்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே ஆலோசகராக இருக்கும் ஒரு மிஸ்ஸோடு ஒரு மணிநேரம் தனியாகப் பேசுகிறான். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்து கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருப்பேன். சில நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். சில வாரம் கதவு மறுபடியும் சாத்திக்கொள்கிறது. பள்ளிக்கூடம் இன்னும் போகவில்லை. முகாமுக்குப் போன பிள்ளைகள் எல்லாம் தேறியிருப்பார்களோ என்று இரவில் நினைத்துக்கொள்கிறேன். முருகன் என்ன சொன்னார் என்றும் எனக்கு விளங்கவில்லை. பிள்ளை கையால் பதில் சொன்னாரா, இல்லை எங்கள் கேள்வியே பிடிக்கவில்லையா?

போன வாரம் பஸ்ஸில் வரும்போது, “அன்னைக்கு அனுப்பாம விட்டது சரியாடா தம்பி?” என்று அவனிடமே கேட்டேன். “எனக்கும் தெரியலப்பா” என்றான். ஒன்றும் விளங்காமல் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம்; எல்லாம் தெரிந்த தகப்பனாக அவன் கதவுக்கு வெளியே நின்று சத்தம் போட்ட அத்தனை நாட்களையும்விட, அன்றைக்குத்தான் என் பிள்ளைக்கு நான் பக்கத்தில் இருந்தேன்.