கடப்பைக் கல்லில் விழுந்த கோடுகள்

அரியலூரில் நான் பூகோள வாத்தியாராக இருந்த காலம். யுத்தம் முடிந்த மறு வருஷம் பண்ணையார் வீட்டில் கல்யாணம். சர்பத்துக்காகத் திருச்சியிலிருந்து ரயிலில் ஐஸ் கட்டி வந்தது. படித்தவன் என்று அதை மேற்பார்வை பார்க்க என்னைப் போட்டார்கள். நான் அதுவரை ஐஸைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் அந்த வாரம்தான் வகுப்பில் பனியாறு நடத்தியிருந்தேன். வெறும் பனியால் மலையை அறுக்க முடியாது, அது அடியில் கவ்விக்கொண்டு வரும் கற்கள்தான் பாறையைக் கீறிச் சுரண்டிப் பள்ளத்தாக்கையே அகலமாக்குகின்றன என்று போர்டில் படம் போட்டு முழங்கியிருந்தேன்.

வாசல் மணலில் இறக்கிய கட்டியைப் பண்ணையாள் ஒருவர் தூக்கப் போனார். "தூக்காதப்பா, வழுக்கிட்டுப் போவும், இழு" என்றேன். புதிதாகப் போட்ட கடப்பைக் கல் தரையில், கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே நீள நீளமாக வெள்ளைக் கோடுகள். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நான் போர்டில் போட்ட படமேதான்.

பண்ணையாரும் பார்த்துவிட்டார். "எதடா இழுத்த? இரும்புப் பெட்டியா?"

"ஐஸுதாங்க. அடியில மணலு ஒட்டியிருந்துச்சுங்க."

வாத்தியார்தான் இழுக்கச் சொன்னார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தண்ணி கல்லக் கீறுமாடா?" என்று கத்திவிட்டுப் பண்ணையார் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார், ஐஸ் கல்லக் கீறுமா?"

என் வேலையை நிரந்தரமாக்க வேண்டிய பள்ளிக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

"கீறாதுங்க" என்றேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்று உதவியிருக்கும். நான்தான் உதவவிடவில்லை. சீ, நானும் ஒரு வாத்தியார்!

அந்த மனிதரைப் பண்ணையை விட்டே துரத்திவிட்டார்கள். மறுநாள் பெண்டாட்டி பிள்ளைகளோடு சட்டிபானையைச் சுமந்துகொண்டு செந்துறைச் சாலையில் போனார். வெட்கம் பிடுங்கித் தின்ன, பின்னாலேயே ஓடினேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அவர் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். "நீங்க ஏன் சார் வெயில்ல வரீங்க? படிச்சவங்க நீங்க கீறாதுன்னா கீறாதுதான். நான்தான் வேற எதையோ இழுத்துட்டேன் போலருக்குங்க. என்னான்னுதான் ஞாபகம் வரல."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "பாத்துப் போயிட்டு வாப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.