உம்மா கேட்டு வாங்கிய சோதனை

கஞ்சி போட்டு வெயிலில் காய்ந்த மருதமுனைக் கைத்தறிச் சீலைக்கு ஒரு வாசம் உண்டு. கொஞ்சம் சோற்று வாசம், கொஞ்சம் வெயில் வாசம். ஐம்பதுகளில் கல்முனைக் கரையோரத்தில் பள்ளிக்கூடம் போன எனக்கு அந்த வாசம் மூக்கில் பட்டால் பின்னக் கணக்குத்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எங்கள் உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பள்ளி விட்டு வந்து நான் சோற்றுக்கு முன் உட்கார்ந்ததும், மீன் குழம்பை, எங்கள் பேச்சில் "ஆணத்தை", ஊற்றியபடியே "இண்டைக்கு என்ன படிச்சிக்கு வந்த?" என்று கேட்காமல் விடமாட்டார். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு என் பதில் தினமும் ஒன்றாகவே இருந்தது. ஆண்பிள்ளைகள் உள்ளே பின்னக் கணக்குப் படிக்க, பெண்பிள்ளைகளான எங்களை வேப்பமரத்தடிக்கு அனுப்பி "லேஞ்சி"க்கு, அதாவது கைக்குட்டைக்கு, ஓரம் தைக்க விட்டிருந்தார்கள்.

"நேத்தும் லேஞ்சி, இண்டைக்கும் லேஞ்சி. ஊர்ல எல்லாருக்கும் சளியா புடிச்சிரிக்கி?" என்று ஒருநாள் உம்மா அகப்பையைப் போட்டார்.

கடலுக்குப் போய்க் களைத்து வந்திருந்த வாப்பா, "அத வாத்தியார்மாரு பாப்பாங்க. படிப்பப் பத்தி நமக்கு என்ன தெரியும்?" என்றார்.

"படிப்புத் தெரியாட்டி என்ன, நம்மட புள்ளயத் தெரியும்தானே!"

அந்நிய ஆண்கள் முன்னால் எங்கள் பெண்கள் வராத காலம் அது. மறுநாள் உம்மா மாட்டுவண்டிக்கு முன்னும் பின்னும் கஞ்சி போட்ட புது மருதமுனைச் சீலை கட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளி வாசலில் போய் நின்றார். காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் பெரிய வாத்தியார் நல்ல மனிதர். வண்டியருகே வந்து மரியாதையாகத் தலை குனிந்து நின்றார்.

"இன்ஸ்பெக்டர் வந்தா பொம்புளப் புள்ளயள்ட தையலும் பாட்டும்தான் பாப்பார்," என்றார் அவர். "கணக்குச் சோதனையில இருத்தி, பெயிலானா பள்ளிக்கூடத்துக்குத்தானே கெட்ட பேர்."

சீலைக்குள்ளிருந்து உம்மா சொன்னார்: "சேர், எங்கட ஊர்ல கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொண்டாட்டிர ஊட்டுக்கு வாற. ஊடும் மகளுக்கு, வயலும் மகளுக்கு. ஊட்ட உட்டுப் போறவனுக்குக் கணக்கும், ஊட்டுக்காரிக்கு லேஞ்சியுமா படிச்சிக் குடுக்கிறீங்க?"

உம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "இவளயும் சோதனையில இருத்துங்க. பெயிலானா நானே கூட்டிப் போய் ஊட்டுல வெச்சிக்கிறன். பொறகு ஒரு கதையும் கதைக்க மாட்டன்."

யா அல்லாஹ்! என் படிப்பையே பணயம் வைத்துவிட்டு, வாத்தியார் "சரி" என்றதும் உம்மா வண்டியைத் திருப்பச் சொன்னார்.

மறுநாள் அந்தச் சீலையையே பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினார். வகுப்பின் நடுவே அதைக் கட்டி ஒருபக்கம் ஆண்பிள்ளைகளையும் மறுபக்கம் எங்களையும் இருத்தி, இருபக்கத்துக்கும் தெரியும்படி கரும்பலகையை வைத்து, பெரிய வாத்தியாரே கணக்குப் படிப்பித்தார். ஒத்துக்கொண்ட பிறகு அவர் காட்டிய பிடிவாதம் உம்மாவின் பிடிவாதத்துக்குக் குறைந்ததல்ல.

சோதனை நாளன்று சீலையைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டினார்கள். அதற்குப் பின்னால் உம்மாவும் மற்றத் தாய்மாரும் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னை எழுப்பினார்.

"விளைஞ்ச நெல்லில பாதி வேலை செய்தவருக்கு. மிச்சத்தில மூண்டில ஒரு பங்கு விதைநெல்லுக்கு. காணிக்காரருக்கு மொத்தத்தில எத்தின பங்கு மிஞ்சும்?"

பின்னாலிருந்து சீலையின் கஞ்சி வாசம் மூக்கில் பட்டது. கரும்பலகையில் வாத்தியார் கீறிக் காட்டும் கட்டங்களை மனத்தில் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தேன்.

"மூண்டில ஒரு பங்கு, சேர்."

"சரி. ஆர் உமக்குப் படிப்பிச்சது?"

நான் வாய் திறக்குமுன் சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "எங்கட பெரிய வாத்தியார்தான் சேர்!"

வாத்தியாரின் முகம் மலர்ந்துவிட்டது. முதலில் அவர் மறுத்த கதையை உம்மா அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பாஸானதைவிட அந்த உம்மாவுக்கு மகளாக இருப்பதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வருடம் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையும் இல்லை.

என் கலியாணத்துக்கு வீட்டை எழுதித் தந்தபோது, பத்திரம் எழுதிய நொத்தாரிசு வாசித்தது போதாதென்று உறுதிப் பத்திரம் முழுவதையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உம்மா பெருவிரலை வைத்தார்.

இன்று உம்மாவும் இல்லை, அந்த வண்டியும் சீலையும் இல்லை. தாய்மார் ஸ்கூட்டரில் வந்து பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் பள்ளியில் போன கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அங்கே என் மகள் எழும்பி, படிப்பிக்காத பாடத்தைச் சோதனையில் எப்படிக் கேட்டீர்கள் என்று விடாமல் பிடித்துக்கொண்டாள். என்னிடம் கணக்குப் படித்த இளம் ஆசிரியை ஒருத்தி என் காதருகே வந்து, "என்ன டீச்சர், உங்கட மகள் இப்பிடிக் கேள்வி கேக்கிறா?" என்று நொந்துகொண்டாள்.

"கேப்பாதானே," என்றேன். "ஊடு இப்ப அவட பேர்ல இரிக்கி."