மேனேஜர் படி இறங்கிய நாள்

என் அக்கா பார்சல் ஆபீஸில் எடை போடுகிறவள். இருபத்தாறு வருஷமாக அதே கவுண்டர். பெட்டியைக் கையில் தூக்கியே எடையைச் சொல்லிவிடுவாள். தராசு பிறகு ஆமாம் போடும். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றவள், ஐம்பது வயதில் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் நான்காம் மாடி, நான் மூன்றாம் மாடி. வந்த வாரமே குட்டி என் வீட்டுக்குள் புகுந்து, நான் தைத்து அடுக்கியிருந்த எட்டுப் பள்ளிச் சீருடைகளைக் கடித்துக் குதறியது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்காவும் சளைக்கவில்லை. இரண்டு மாதம் பேச்சுவார்த்தையே கிடையாது. லிஃப்டில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்போம். குட்டி நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மேற்பார்வை பார்க்கும். அதனால்தான் மேனேஜர் என்று பெயர் வைத்தேன். எப்படிச் சமாதானமானோம் என்று எங்கள் இருவருக்குமே ஞாபகம் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நாங்கள் பேசாமலிருந்த அந்த நாட்களில் பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம் தீப்பிடித்தது. மனிதர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், ஒரு நாய் வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் அக்கா ஒரு பை தயார் செய்தாளாம். பின்னால் அவளே சொன்னாள். மூன்று நாளைக்கான சாப்பாடு சின்னச் சின்னப் பொட்டலங்களாக, தண்ணீர் பாட்டில், கிண்ணம், தடுப்பூசி அட்டையின் நகல், மாற்றுக் கயிறு, பழைய துண்டு. அவளும் குட்டியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோவும் உண்டு.

"தொலைஞ்சு போனா இது என் நாய்தான்னு காட்டணும்ல?"

பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாப்பாட்டையும் தண்ணீரையும் மாற்றுவாள்.

"ஒரு கையில அவன், ஒரு கையில பை. மொத்தம் ஒன்பது கிலோ. ரெண்டே நிமிஷம், படியில இறங்கிக் கீழ போயிடுவேன்" என்பாள். ஒருமுறை கடிகாரம் வைத்து இறங்கியும் பார்த்திருக்கிறாள்.

நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பார்சல் ஆபீஸில் ஒருமுறை எடை போட்டு எழுதிவிட்டால், போய்ச் சேரும்வரை அதே எடைதான். பார்சல் வழியில் வளராது. மேனேஜர் வளர்ந்தார். மூன்று வருஷத்தில் கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டார். தினமும் லிஃப்டில் போய் லிஃப்டில் வருகிற பெரிய மனுஷன், படியில் காலே வைத்ததில்லை. இது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அக்கா ஆபீஸில் இருந்தாள். கீழே மோட்டார் அறையில் புகை கிளம்பி, அலாரம் அலறியது. லிஃப்ட் நின்றுவிட்டது. "படியில புகை இல்லை, எல்லாரும் இறங்குங்க!" என்று வாட்ச்மேன் கத்தினார். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். எல்லோரும் கீழே போனார்கள். எனக்குக் கால் வரவில்லை. அக்கா கொடுத்து வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன்.

மேனேஜர் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தார். பையை எடுத்து ஜிப்பைத் திறந்தேன். உள்ளே ஒரு பார்சல் அட்டை கட்டியிருந்தது. படிக்க நேரமில்லை. கயிற்றை மாட்டி, இழுத்து, கெஞ்சி, படி வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். முதல் படியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். தூக்கப் பார்த்தேன், இடுப்பு விட்டுப்போயிற்று. இவரை விட்டுவிட்டு இறங்கினால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம்தான் நெஞ்சில் நின்றது.

ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். படிக்கு ஒரு வாய்.

"வாடா சனியனே. வா ராஜா. இன்னும் ஒண்ணு. உன்னால என் உயிர் போகுதுடா."

திட்டும் தீனியுமாக எழுபத்திரண்டு படி. இரண்டு நிமிஷம் என்ற அக்காவின் கணக்கு பதினேழு நிமிஷமாயிற்று. மூன்று நாள் சாப்பாடு தரைத்தளம் வருவதற்குள் காலி.

அதற்குள் கீழே புகையை அடக்கிவிட்டார்கள். எதிர்ப்புறம் சுவர் ஓரமாக உட்கார்ந்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அப்போதுதான் அந்த அட்டையைப் படித்தேன். அக்காவின் கையெழுத்து.

அனுப்புநர்: நான்.
பொருள்: நாய், ஒன்று. எடை: ஐந்தரை கிலோ.
பெறுநர்: என் தங்கை, மூன்றாம் மாடி.
குறிப்பு: நான் வீட்டில் இல்லாவிட்டால் இவளிடம் சேர்க்கவும். திட்டுவாள். விடமாட்டாள்.

கீழே தேதி போட்டிருந்தது. லிஃப்டில் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற மாதம். தெரு என்றும் பார்க்காமல் அழுதேன்.

அக்கா ஆபீஸ் சீருடையோடு ஓடிவந்தாள். மேனேஜரைக் கட்டிக்கொண்டு, தலை முதல் வால் வரை தடவிப் பார்த்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?"

"புகை."

என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். கயிற்றை வாங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறப் பார்த்தாள். முடியாமல் நானும் ஒரு பக்கம் பிடித்து, ஒருவழியாக எடை போட்டோம். இருபத்துமூன்று கிலோ. அக்கா வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். மறுநாளிலிருந்து மேனேஜருக்குப் படிப் பயிற்சி. அக்கா மேலே நின்று அனுப்புவாள், நான் கீழே நின்று கூப்பிடுவேன். இப்போது இரண்டு மாடி தீனி இல்லாமலே இறங்குகிறார்.

"புது அட்டை எழுதிட்டேன். அந்தப் பழசைக் குடு, கிழிச்சுப் போடறேன்" என்று அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

நான் கொடுக்கவில்லை. பார்சல் கைக்கு வந்து சேர்ந்தால் பெறுநர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவள் ஆபீஸ் வழக்கம். அட்டையின் அடியில் அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியையும் நேரத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன்.