கழுவாத சங்கிலி

இது கட்டுக்கதை இல்லை. 1961இல், பட்டப்பகலில், திருகோணமலைத் துறைமுகக் கரையில் நடந்தது. நம்பாதவர்கள் யோகலிங்கத்தின் வலது மணிக்கட்டை ஒருமுறை மோந்து பார்க்கட்டும்.

சோமசேகரம் முதலாளியின் வார்ப்புப் பட்டறையில் அவனுக்குச் சுவாலை பார்க்கிற வேலை. உலையில் உருகிய இரும்பைக் கொன்வேட்டர் என்ற பெரிய பானைக்குள் ஊற்றிக் காற்றடிப்பார்கள். பானை வாயில் சுவாலை எழும்பும். அது சுருங்கிய உடனே யோகலிங்கம் கையைத் தூக்க வேண்டும். காற்றுக் குழாயடியில் நிற்கும் தாஹிர் காற்றை நிறுத்துவான். அப்போதுதான் நல்ல உருக்கு. பிந்தினால் உருக்கு எரிந்துபோய் மண்சட்டி மாதிரி உடையும்.

அன்றைக்கு வார்க்க இருந்தது, கப்பல் சாமான் இறக்கும் ஜெட்டியில் நிற்கிற கிரேனுக்கு ஒரு கப்பி. அந்தக் கிரேனுக்குக் கீழே நின்று மூட்டை இறக்குகிறவன் யோகலிங்கத்தின் தங்கை புருஷன் பாக்கியரத்தினம். கப்பி உடைந்தால் தங்கையின் தாலி போய்விடும்.

பழைய இரும்போடு ஒரு சங்கிலியும் வந்திருந்தது. சுழியோடி ஜமால்தீன் கடலடியிலிருந்து எடுத்தது. சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தது. சாக்கிலிருந்து கொழகொழவென்று கறுத்த சேறு வடிந்தது. சீ! அந்த நாற்றத்தைச் சொல்லவே குமட்டுகிறது. கடலிரும்பை அவிழ்த்துக் கழுவித்தான் உலையில் போடுவது வழக்கம்.

"கழுவிப்போட்டு நாளைக்குப் போடுவம், முதலாளி," என்றான் யோகலிங்கம்.

"நெருப்புக்கு என்னடா தீட்டு? சாக்கோட போடு!"

போட்டார்கள்.

காற்றடித்தபோது ஓவென்று இரைச்சல். சுவாலையோடு ஒரு மணமும் எழும்பியது. கொழுப்புக் கருகும் மணம்... தாஹிர் ஓங்காளித்தான்.

சுவாலை சுருங்கியது. யோகலிங்கம் கையைத் தூக்கப் போனான்.

கை எழும்பவில்லை.

மணிக்கட்டில் ஏதோ... ஈரம். குளிர். வழுவழுவென்று விரல்கள்... கீழே இழுத்தன.

"நிப்பாட்டு!" என்று கத்தினான். இரைச்சலில் தாஹிருக்குக் கேட்கவில்லை.

பிறகு பிடி விட்டது. அதற்குள் பிந்திவிட்டது. மணிக்கட்டில் கறுத்த சேறு.

"ஆரடா எனக்குப் பக்கத்தில நிண்டது?"

"ஆள் இல்லை யோகண்ணே..." தாஹிர் அவன் மணிக்கட்டைக் காட்டினான். "கை மட்டும்."

முதலாளி அந்த எரிந்த உருக்கையும் வார்க்கச் சொன்னார். அவருக்கு எல்லாம் இரும்புதான். மறுநாள் யோகலிங்கம் யாரையும் கேட்காமல் சம்மட்டியால் ஓர் அடி போட்டான். கப்பி பிளந்தது. உள்ளே ஓட்டைகள். நெருப்பில் பிறந்த உருக்குக்குள் கறுத்த ஈரம் கசிந்தது. அதே நாற்றம். அங்கேயே சத்தியெடுத்தான்.

உடைந்த வார்ப்பை யாரும் எறிவதில்லை. அடுத்த உலையில் போடுவதுதான் தொழில். இதையும் போட்டார்கள். இரண்டாவது கப்பி சம்மட்டிக்கு அசையவில்லை. கிரேனில் ஏற்றினார்கள். யோகலிங்கம் அன்றுதான் வயிறாரச் சோறு தின்றான்.

அடுத்த கிழமை தேத்தண்ணிக் கடையில் ஜமால்தீனைக் கண்டான்.

"அந்தச் சங்கிலியை எங்க எடுத்தனீங்கள், ஜமால்தீன் காக்கா?"

ஜமால்தீன் கோப்பையை வைத்துவிட்டார். "அதை ஏன் கேக்கிறீங்க தம்பி. மனுசக் கை ஒண்டு அதைப் பிடிச்சபடி இருந்தது. முழங்கை வரைக்கும்தான். மற்ற உடம்பு இல்லை. பிடியை விடுவிக்க ஏலாமப் போச்சு. எடுத்து அடக்கம் செய்யுங்க எண்டு உங்கட முதலாளியிட்டக் கெஞ்சினன். சாக்கில சுத்திக் குடு, நான் பாக்கிறன் எண்டார்."

தூ! பார்த்த பார்வை அது.

யோகலிங்கம் ஜெட்டிக்கு ஓடினான். மேலே கப்பி சுழன்றுகொண்டிருந்தது. மூட்டைகள் ஆடிக்கொண்டு இறங்கின. கீழே பாக்கியரத்தினம் தன் மணிக்கட்டை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு நின்றான்.

"என்னெண்டு தெரியேல்ல, மச்சான்," என்றான். "ஏதோ ஈரமாப் பிடிச்சது..."