ஓவர்சியர் வேலாயுதமும் கஜா பேராங் பாதையும்

செவ்வாய்க்கிழமை காலை கிளேபாங்கிலிருந்து திரு. வேலாயுதத்தின் மகள் சரோஜா தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், அப்பா போயிட்டாருலா. தூக்கத்துலேயே." நான் "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எப்போது எடுக்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. மறுபடி அழைத்துக் கேட்டேன்.

பதினாறாம் நாள் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். என்னைவிடத் தகுதியானவர்கள் இருந்தார்கள். பலர் இப்போது இல்லை. அலுவலகப் பழக்கத்தில், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. திரு. வேலாயுதம் யார்.
2. கஜா பேராங் பாதைக்காக அவர் உழைத்த விதம்.
3. அந்த வேலை கெட்டதற்கு நான் காரணமானது.
4. நான்தான் காரணம் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போனது.

அவர் நகராட்சியில் சாலைப் பகுதி ஓவர்சியர். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தினமும் வெகுதூரம் நடந்து பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர். மலாய் நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில் நான் அதே பகுதியில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்தேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயதுபோல அதிகம். "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பன்மையில் பேசுவார்.

கஜா பேராங் பக்கம் செட்டி சமூகத்தார் வாழும் கம்போங் செட்டி என்ற கிராமத்திலிருந்து பெரிய சாலைக்கு நடந்து வர அப்போது கால்வாய் ஓரமாக ஒரு மண் வழிதான் இருந்தது. மழை பெய்தால் அதுவும் இராது. மக்கள் பக்கத்திலேயே லாரி போகும் சாலையில் இறங்கி நடப்பார்கள். பள்ளிக்குப் போன பெண்பிள்ளை ஒன்று லாரிக்கு ஒதுங்கப் போய், சைக்கிளோடு கால்வாயில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டது. அதன் பிறகுதான், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப்பாதை போடலாமா என்று நகராட்சி யோசித்தது. யோசிக்க வைத்தவர் வேலாயுதம் அவர்கள்.

பாதையின் அகலத்துக்குப் பொறியியல் கையேட்டில் ஓர் அளவு உண்டு. அவர் அதைப் பார்க்கவில்லை. காவுதடியின் இருபுறமும் கூடை தொங்க, பலகாரம் விற்கப் போகும் மாக் சிக் ஒருவரை (வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்போம்) நிறுத்தினார். தம் சைக்கிளை அவருக்குப் பக்கத்தில் உருட்டிப் போய், இடித்துக்கொள்ளாமல் போக எவ்வளவு இடம் வேண்டும் என்று என்னை நாடா பிடிக்கச் சொன்னார்.

அந்த மாக் சிக் செட்டி சமூகத்தவர். தமிழ் வழி வந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் பேச்சு மலாய். நான் தமிழில் தருகிறேன்.

"பாதை எப்ப வரும் ஐயா? என் பேத்தி கல்யாணத்துக்கா?"

"உங்க பேத்திக்கு இன்னும் பல்லே முளைக்கலயே!"

"அதான் கேக்குறேன். உங்க ஆபீஸ் வேகத்துக்கு அவளுக்குப் பல்லு விழுந்துடும்."

அவர் சிரித்துவிட்டு, "எழுதிக்குங்க தம்பி, இவங்க கூடையோட அகலத்தை. துரைகிட்ட நான் பேசிக்கிறேன். இவங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்" என்றார்.

துரை என்றது எங்கள் எஞ்சினியரை. அவர் நியாயமானவர்தான். ஒரு நாள் முழுக்க அந்த வழியில் போகிறவர்களை எண்ணிக் கொடுங்கள், கணிசமாக இருந்தால் அனுமதிக்கிறேன் என்றார். நாளைக் குறிக்கும் வேலை தலைமை எழுத்தர் வழியாக என்னிடம் வந்தது.

இனி மூன்றாவது. பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு மூவாரில் மாமனார் வீட்டுக்குப் போக நினைத்திருந்தேன். மனைவிக்கு அது நிறைமாதம். தாய் வீட்டில் இருந்தாள். அதனால் எண்ணும் நாளைப் பொங்கலுக்கு முந்தைய நாளாகக் குறித்தேன். போகியை நாங்கள் பெரிதாகக் கொண்டாடியதில்லை. எனக்கு அது சாதாரண வேலைநாள். மறுநாள் முதல் விடுப்பில் இருப்பதால் இந்த நாளே வசதி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கோப்பில் வைத்தேன்.

அன்று காலை முதல் மரத்தடியில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். எவரும் வரவில்லை என்றே சொல்லலாம். ஒரு தபால்காரர், இரண்டு கோழி வியாபாரிகள், இன்னும் சிலர். பத்து மணிக்கு வேலாயுதம் அவர்கள் வந்தார். படிவத்தைப் பார்த்தார். கம்போங்குக்குள் போய்விட்டுத் திரும்பினார்.

"தம்பி, இன்னைக்கு அவங்களுக்குப் பார்ச்சு. செத்துப்போன பெரியவங்களுக்கு இலை போட்டுப் படைக்கிற நாள். வேலைக்குப் போறவங்க, படிக்கிற புள்ளைங்க, எல்லாரும் வீட்டுலதான் இருக்காங்க. யாருப்பா இந்த நாளைக் குறிச்சது?"

"மேலேருந்து வந்துச்சுண்ணே" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த சொற்கள் இவைதான். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். நான் சாயங்காலம் வரை உட்கார்ந்து, வந்த சிலரைச் சரியாக எண்ணி, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மூவாருக்குப் பேருந்து ஏறினேன்.

விடுப்பு முடிந்து திரும்பிய அன்று துரை அவரை அழைத்தார். அரைக்கதவுக்கு வெளியே என் மேசை, எல்லாம் கேட்டது. "தவறான நாள் என்கிறாய். எப்படிக் குறிக்கப்பட்டது என்று எழுத்தில் கொடு. மறுபடி எண்ணலாம்." வேலாயுதம் அவர்கள் கோப்பை வாங்கிக்கொண்டு போனார். மதியம் திரும்பி வந்து, கொடுக்க விளக்கம் எதுவும் இல்லை என்றார். அன்றே பாதை கைவிடப்பட்டது. சீட்டு அவர் கண்ணில் படவில்லை என்று நான் நிம்மதி அடைந்தேன். இந்தச் சொல்லை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதிதான்.

அந்த மழைக்காலத்தில் மாக் சிக் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலாயுதம் அவர்கள் கம்போங் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, செம்மண்ணும் உடைகல்லும் கொட்டித் தாமே பாதை போடத் தொடங்கினார். நகராட்சியின் தள்ளுவண்டியை அனுமதியின்றி எடுத்ததற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. தட்டச்சு செய்தவன் நான். அவர் நின்றபடியே படித்தார்.

"ஒரு பிழையும் இல்லே தம்பி. நல்லா அடிச்சிருக்கீங்க."

அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. அவரே இனிப்பு வாங்கி வந்து எல்லா மேசைக்கும் கொடுத்தார்.

பல ஆண்டுகள் கழித்து நகராட்சி அங்கே முறையான பாதை போட்டது. திறப்பு நாளில் அவரை யாரும் அழைக்கவில்லை. அழைப்பிதழ்ப் பட்டியலைத் தயாரித்தவனும் நான்தான். ஓய்வு பெற்றவர்களைச் சேர்க்க வேண்டாம் என்றார்கள், சேர்க்கவில்லை. மறுநாள் அவர் தாமாகப் போய் ஒரு முறை சைக்கிளில் போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இதுவரை எழுதியதை நேற்று தொலைபேசியில் சரோஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். தந்தையைப் பற்றியது, பிழை இருக்கக் கூடாது அல்லவா. அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"அங்கிள், அந்த நாலாவது மட்டும் சரியில்லையே. அந்தச் சீட்டை அப்பா அன்னைக்கே பார்த்துட்டாரு."

"யாரும்மா சொன்னது?"

"அம்மாகிட்ட அப்பா சொன்னது. சீட்டைக் கொடுத்தா பாதை வந்துடும், ஆனா தம்பி வேலை போயிடும், இன்னும் நிரந்தரம் ஆகல, வீட்டுல புள்ளத்தாச்சினு சொன்னாராம். அம்மா சத்தம் போட்டாங்களாம், அத்தனை சனத்துக்கு வாக்குக் கொடுத்தீங்களேனு. அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை போய் மண்ணு சுமக்கிறேன்னாராம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லையேம்மா."

"நீங்களே வந்து சொல்லுவீங்கனு நெனச்சாரோ என்னமோ, அங்கிள்."

மேலே உள்ள பட்டியலைத் திருத்தி எழுத நேரம் இருக்கிறது. அச்சுக்கு நாளைதான் போகிறது. ஆனாலும் நான் திருத்தவில்லை; இத்தனை காலம் நான் நம்பியிருந்ததைப் படிப்பவர்கள் அப்படியே பார்க்கட்டும். மரத்தடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போன முகம்தான் நேற்றிலிருந்து கண்ணில் நிற்கிறது. போய்வாருங்கள், அண்ணே. நாளைக் குறித்தது நான்தான். நான்காவதாக நான் எழுதியது தவறு.