அண்ணன் பேச்சு தம்பிக்குக் கேட்காத வீடு

டீயைத் தட்டு போட்டு மூடி வைக்கச் சொல்லிவிட்டு, மரியசெல்வம் ஒரு சின்ன ரேடியோவைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போகிறார். ரேடியோவில் பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. எந்த நிலையமும் எடுக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, வெறும் இரைச்சலைத்தான் கேட்கிறார். ஒவ்வொரு பிளக் பாயிண்டின் முன்னாலும் ஒரு நிமிடம் நிற்கிறார். கொசுவிரட்டி மாட்டிய இடத்தில் இரைச்சல் லேசாகக் கூடுகிறது. செல்போன் சார்ஜர் தொங்குகிற இடத்தில் ரேடியோ கரகரவென்று கத்துகிறது. "இந்தா இருக்கான் பாருங்க கலகக்காரன்" என்று சார்ஜரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். அது பத்து நாளைக்கு முன் வாங்கிய புதுச் சார்ஜர் என்று வீட்டுக்காரர் முனகினால் அவர் காதில் விழாது.

ஆவூர்ப் பக்கம் டிவியில் படம் நின்று நின்று வருகிறது என்றால் மரியசெல்வத்துக்குத்தான் போன் போகும். ஐம்பத்துநாலு வயது. இருபது வருடம் கேபிள் டிவிக்கு வயர் இழுத்தவர். ஊரில் எந்த மரத்தில் சுள்ளெறும்பு இருக்கிறது, எந்த வீட்டு மாடியில் நாய் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. கேபிள் போய் இன்டர்நெட் வந்தபோது, கூட இருந்தவர்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிப் போனார்கள். இவர் மட்டும் மூக்குக் கண்ணாடியை ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புதுச் சாமான்களின் அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டார்.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் டிவியைப் பார்க்க மாட்டார். "மொதல்ல பொட்டியக் காட்டுங்க" என்பார். பெட்டி என்றால் மீட்டரும் பியூசும் இருக்கும் பெட்டி. அதைத் திறந்து பார்த்து, மூடி, பக்கத்துச் சுவரில் பென்சிலால் தேதி போடுவார். புதிதாக வெள்ளையடித்த சுவராக இருந்தாலும் போடுவார். இரண்டாவது சட்டம், படம் வந்த பிறகுதான் டீ. ஆறிப் போன டீயை அவர் குடிக்கிற மாதிரி ரசித்துக் குடிக்கிற ஆளை அந்த வட்டாரத்தில் பார்க்க முடியாது.

கரண்ட் வயர் வழியாகவே நெட்டைக் கடத்துகிற பிளக் ஜோடி ஒன்று இப்போது வருகிறது. மோடம் பக்கத்தில் ஒன்று, டிவி பக்கத்தில் ஒன்று. இரண்டையும் சுவரில் மாட்டிவிட்டால் நடுவில் தனியாக வயர் இழுக்க வேண்டியதில்லை. மோடம் பக்கம் இருப்பதை மரியசெல்வம் அண்ணன் என்பார், டிவி பக்கம் இருப்பதைத் தம்பி என்பார். "அண்ணன் பேசுறது தம்பிக்குக் கேக்கணுங்க. அம்புட்டுத்தான் தொழிலு. நடுவுல எவனாச்சும் சத்தம் போட்டான்னா அவன வெளிய அனுப்பணும்." ஒவ்வொரு பிளக்கிலும் மூன்று விளக்குகள். மூன்றாவது விளக்கு எரிந்தால் சகோதரர்கள் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த மூன்றாவது விளக்கு அவரை அழவைத்தது பங்கிராஸ் சார் வீட்டில்தான்.

பங்கிராஸ் ஓய்வு பெற்ற ஆசிரியர். மனைவி சூசைமேரி. ஒரே பிள்ளை டேவிட், சாமியாராகப் படிக்கப் போய், அயர்லாந்தில் குருப்பட்டம் வாங்க இருந்தான். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை பட்டம். பெற்றவர்களுக்கு விசா நேர்காணலுக்குக் கிடைத்த தேதியோ ஆகஸ்டு. பதினொரு வருடம் காத்திருந்த தாய்க்கு, மகன் பீடத்துக்கு முன்னால் நிற்பதைப் பார்க்க இருந்த ஒரே வழி, அந்த ஊர்க் கோயிலிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும் படம்தான். பங்கிராஸ் அதற்காகவே பெரிய டிவி வாங்கிக் கூடத்தில் மாட்டினார். மோடம் முன்னறையில் இருந்தது. இடையில் பழைய கருங்கல் சுவர்கள் இரண்டு. செல்போன் சிக்னலோ வாசலைத் தாண்டி உள்ளே வராது. வயர் இழுக்கலாம் என்று மரியசெல்வம் சொன்னதற்கு, பட்டத்துக்காகப் பெயிண்ட் அடித்த சுவரில் ஓட்டையா என்று பங்கிராஸ் பதறிவிட்டார். அப்படித்தான் அண்ணனும் தம்பியும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பகலெல்லாம் படம் கண்ணாடி மாதிரி வரும். மாலை ஆறு மணிக்குத் தம்பியின் மூன்றாவது விளக்கு அணைந்துவிடும். மறுநாள் விடிந்தால் ஒன்றுமே நடக்காதது போல எரியும். மரியசெல்வம் ஒரு காலையில் வந்து பெட்டியைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தேதி போட்டார்.

பங்கிராஸ் தன் பங்குக்கு ஆராய்ச்சி செய்து முடிவோடு வந்தார்.

"செல்வம், நான் மூணு நாளாக் கவனிச்சுட்டேன். கோயில்ல ஆறு மணிக்கு ஜெபத்துக்குத் திரிகால மணி அடிச்சதும் நெட்டு போயிருது. மணிக்கும் இதுக்கும் என்னமோ இருக்கு."

"மணி கயித்துல அடிக்கிறதுங்க சார். அதுல கரண்டே இல்ல."

"மைக் செட்டு இருக்குல்ல?"

அதையும் விட்டுவைப்பானேன் என்று மரியசெல்வம் கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் லியோவிடம் போய், ஒரு நாள் மாலை மைக்கைப் போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். டிவிக்காகக் கோயில் மைக்கை நிறுத்தச் சொன்ன முதல் கத்தோலிக்கர் நீதான் என்று உபதேசியார் சிரித்தார். ஆனாலும் டேவிட் பெயரைச் சொன்னதால் நிறுத்தினார். அன்றைக்கும் ஆறு மணிக்கு விளக்கு அணைந்தது.

அடுத்து ஒரு திங்கட்கிழமை, ஆறரை மணிக்கு ரேடியோவோடு வந்தார். போன தடவை காலையில் வந்தபோதே பார்த்தாயிற்றே என்று அன்றைக்குப் பெட்டியைத் திறக்கவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறியது அந்த ஒரு முறைதான். "யாராச்சும் எதையாச்சும் தொட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். "ஒண்ணுந் தொடலப்பா" என்றார் சூசைமேரி. வீடு முழுக்க இரைச்சல் கேட்டு, சார்ஜரையும் மலிவான பல்பு ஒன்றையும் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் பங்கிராஸ் போன் செய்தார், விளக்கு வந்துவிட்டதாக. அன்றைக்கே சூசைமேரி மகனுக்காக நேர்ந்துகொண்டு வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறினார். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று மாலையும் படம் அசையாமல் ஓடியது. "சார்ஜர்தான்யா திருடன்" என்று பங்கிராஸ் ஊரெல்லாம் சொன்னார். மரியசெல்வமும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி சூசைமேரி திரும்பி வந்தார்.

சனிக்கிழமை நம்மூர் நேரப்படி மாலை ஐந்து மணிக்கு அங்கே பூசை தொடங்கியது. கூடத்தில் சொந்தபந்தம் முப்பது பேர். வாடகை நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மரியசெல்வத்துக்கு உள்ளே இடமில்லை. நடையில், பெட்டிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து டிவி தெரியாது. சுவரோரம் தம்பியின் விளக்கு மட்டும் தெரியும். அது அவருக்குப் போதும்.

பட்டம் கொடுக்கிற ஆயரின் பிரசங்கம் நீண்டது. பிறகு டேவிட் சடங்கு முறைப்படி பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடக்க, புனிதர்களின் மன்றாட்டுமாலை தொடங்கியது. அந்த நேரம் பார்த்து இங்கே கோயிலில் மணி அடித்தது. சூசைமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். ஜெபம் சொல்லத்தான் எழுகிறார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். நேராக நடைக்கு வந்தார்.

"கொஞ்சம் தலையச் சாய்ச்சுக்க செல்வம்."

மரியசெல்வம் மரியாதையாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் தலைக்கு மேலே "டக்" என்று ஒரு சத்தம். சூசைமேரி திரும்பிப் போனார். தம்பியின் மூன்றாவது விளக்கு அணைந்தது.

மூன்று பேஸ் கரண்ட் வருகிற வீடு அது. கூடத்தின் வயரை எந்த பேஸில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளப் பெட்டியில் ஒரு திருகு சுவிட்ச் உண்டு. மாலையானால் ஊரே விளக்குப் போட, ஒன்றாம் பேஸில் வோல்டேஜ் இறங்கி மின்விசிறி நடக்க ஆரம்பிக்கும். எனவே திரிகால மணி அடித்ததும் திருகை இரண்டுக்கு மாற்றுவதும், காலை மணிக்கு ஒன்றுக்குக் கொண்டுவருவதும் சூசைமேரியின் கைப்பழக்கம். சிலுவை போட்டுக்கொள்வதை யாராவது ஒரு வேலை என்று சொல்வார்களா? அதுபோலத்தான் இதுவும். முன்னறை ஒரு பேஸிலும் கூடம் வேறு பேஸிலும் போனால், அண்ணன் தொண்டை கிழியக் கத்தினாலும் தம்பிக்குக் கேட்காது. திருகை மாற்றும்போது ஒரு நொடி கரண்ட் போனாலும், டிவி பழைய இன்வெர்ட்டரில் ஓடியதால் அது மட்டும் அணையவே இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கூடத்தில் கூச்சல் எழுந்தது. திரையில் டேவிட் குப்புறக் கிடந்தபடியே நின்றுவிட்டான். மேலே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"எம்புள்ள எந்திரிக்கலையே!" என்று சூசைமேரி அலறினார். படம்தான் நின்றிருக்கிறது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் வாய் அப்படித்தான் சொன்னது.

மரியசெல்வம் எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது. திருகை ஒன்றுக்குத் திருப்பினார். முதல் விளக்கு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதற்கு ஒன்றரை நிமிடமாவது ஆகும் என்று அவருக்குத் தெரியும், அதைக் குறைக்க உலகத்தில் ஒரு வழியும் இல்லை என்பதும் தெரியும். அப்போது கூடத்தில் உபதேசியார் லியோ, திரை விட்ட இடத்திலிருந்து மன்றாட்டுமாலையைத் தமிழில் தானே எடுத்துக்கொண்டார். "புனித அந்தோனியாரே" என்றார். முப்பது குரல்களும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றன. புனிதர் ஒவ்வொருவராக வந்துபோனார்கள். எட்டோ ஒன்பதோ ஆனபோது மூன்றாவது விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டி, நிலைத்தது.

திரை அசைந்தது. டேவிட் இன்னும் தரையில்தான் கிடந்தான். அங்கேயும் மன்றாட்டு முடியவில்லை. இரண்டு ஊர் மன்றாட்டுகளும் கொஞ்ச நேரம் ஒன்றாகக் கேட்டன. பிறகு அவன் கையை ஊன்றி மெதுவாக எழுந்தான். கூடம் முழுவதும் பெருமூச்சு விட்டது. ஆயர் அவன் தலைமேல் கை வைத்ததைச் சூசைமேரி கண்ணாரப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் அவர் நடைக்கு வந்தார்.

"ஏன் செல்வம், நானா கெடுத்தேன்?"

"நீங்க ஒண்ணுங் கெடுக்கலக்கா. பொட்டிய சாயங்காலம் பாக்காம விட்டது நாந்தான். நாளைக்கி வந்து ரெண்டையும் ஒரே பேஸ்ல போட்டு விட்டுர்றேன். இன்னிக்கி மட்டும் யாரும் இங்கிட்டு வர வேணாம்."

"நீ உள்ள வந்து பாக்கலையா?"

"விளக்கு தெரியுதுக்கா. போங்க, போயி உக்காருங்க."

முன்னறையையும் இரண்டாம் பேஸுக்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்தான். ஆனால் மோடம் அணைந்து எழ நாலு நிமிடமாகும். ஒரு நிமிடத்தைக்கூட இனி இழக்க அவர் தயாராக இல்லை. திருகின் மேல் இடது கையை வைத்து மூடிக்கொண்டார். வோல்டேஜ் இறங்கியது. மின்விசிறி இறக்கையை எண்ணலாம் போல் சுற்றியது. ஜெபப் புத்தகங்கள் எல்லாம் விசிறிகளாகின. யாரோ ஒரு பெரியவர் வேர்வையோடு எழுந்து வந்து "ரெண்டுல போடப்பா, வெந்து போகுது" என்றார். "வேகட்டுங்க" என்றார் மரியசெல்வம். அவர் மனம் என்னவோ அத்தனை குளிர்ச்சியாக இருந்தது.

பூசை முடிந்ததும் புதுக் குருவானவர் கேமராவின் பக்கம் திரும்பினார். தமிழில் பேசினார்.

"அம்மா, அப்பா, பாத்துக்கிட்டு இருக்கீங்களா? தெரியுதா?"

"தெரியுதுங்க சாமி, நல்லாத் தெரியுதுங்க" என்றார் சூசைமேரி. பெற்ற பிள்ளையை அவர் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் கேட்காது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"முதல் ஆசீர் ஒங்களுக்குத்தான்" என்றது டிவியின் குரல். நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. கூடம் மொத்தமும் முழங்காலில் இருந்தது. நடையில் மரியசெல்வமும் முழங்காலிட்டார். வலது கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோள்களுக்குமாகச் சிலுவை போட்டது. இடது கை தலைக்கு மேலே நீண்டு, திருகை இறுகப் பிடித்தபடியே இருந்தது.