களை என்று பிடுங்கிய தும்பை

அடி அண்ணாமலையில் எங்கள் பஜனை மடத்துக்குப் பின்னால், காலமான அடியார்கள் நினைவாக நந்தவனம் அமைத்தோம். ஆளுக்கொரு செடி, பக்கத்தில் பெயர்ப் பலகை. பொறுப்பு என்னுடையது. அதனால் நுழைவாயிலிலேயே என் அப்பா பெயரில் நாகலிங்கக் கன்று நட்டுக்கொண்டேன்.

திறப்பு விழா அன்று காலையில் பார்த்தால், ஒரு மூலையில் தும்பை மண்டிக் கிடந்தது. பலகை இல்லை. களை என்று மொத்தத்தையும் பிடுங்கி வேலியோரம் எறிந்தேன். பௌர்ணமிதோறும் மடத்தில் பாத்திரம் தேய்க்கும் செல்வி அப்போதுதான் வந்தார். காலி மூலையைப் பார்த்தார். பிறகு மண் படிந்த என் கைகளைப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரரு நெனப்பா வெதச்சிருந்தேங்க."

அவர் கணவர் ஏழுமலைதான் பல வருடங்கள் எங்கள் பூஜைக்குத் தும்பைப் பூ பறித்து வந்து கொடுத்தவர். நினைவுப் பட்டியல் எழுதியபோது அவர் பெயர் எனக்குத் தோன்றவே இல்லை.

செல்வியே சொன்னார்: "போர்டு வெக்காதது என் தப்புதாங்க. வுடுங்க."

வேலியோரம் உட்கார்ந்து, வாடத் தொடங்கிய செடிகளிலிருந்து பூக்களை முந்தானையில் பறித்துச் சேர்த்தார்.

சாயங்காலம் அந்தப் பூக்கள் சுவாமிக்கு மாலையாக ஏறின. "தும்பை மாலை எங்க சார் புடிச்சீங்க? பிரமாதம்!" என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். செல்வி கடைசி வரிசையில் நின்றிருந்தார். நான் சிரித்துக்கொண்டே கைகூப்பினேன்.

ஏழுமலைக்கு மறுவாரமே பலகை வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குத்தான் செல்வியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.